முதல் டம்ளரும் ஜில்லண்ணனும்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சின்னமனூர் ஜில்லண்ணன் அப்படிச் சொன்னால், முயலே நாலாவது காலைக் கழற்றிக் கொடுத்துவிடும்.

மேகமலை எஸ்டேட் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். துரை சீமைக்குக் கப்பலேறியபோது அவருடைய பீர் பீப்பாயையும் பித்தளைக் குழாயையும் வாங்கிக்கொண்டு மலையிறங்கி, ‘ஜில் சர்பத்’ என்று போர்டு மாட்டினார். பேரும் அதுவே ஆகிவிட்டது.

மேசைக்கடியில், மதுரையிலிருந்து வரும் ஐஸுக்கு நடுவே பீப்பாய். அதில் நன்னாரி சர்பத். பம்பை அழுத்தினால் மேசைமேல் முழ உயரம் நிற்கும் குழாய் வழியே ஏறி டம்ளரில் விழும். ஆனால் வெயிலில் காயும் குழாய்க்குள் தங்கியது கஷாயச் சூட்டில் வரும். இரண்டாவது டம்ளர்தான் ஜில்.

இதனால் எங்கள் ஊரில் திடீரென்று மரியாதை பெருகிவிட்டது.

“நீங்க மொதல்ல குடிங்க மாமா.”

“அட, நீங்க குடிங்க மாப்ள. எனக்கென்ன அவசரம்?”

இந்தப் பண்பைப் பார்த்து மெய்சிலிர்த்த வெளியூர்க்காரர் ஒருவர் முதல் டம்ளரை வாங்கிக் குடித்தார். அப்புறம் நாக்கை வெளியே நீட்டி விசிறிக்கொண்டார்.

நான் அப்போது எதிரிலிருந்த அரிசி மண்டியில் வேலை பார்த்தேன். “மொத டம்ளரக் கீழ கொட்டிருங்கண்ணே” என்றேன்.

“ஏலே, ஜில்லுன்னு போர்டு மாட்டிட்டு கொட்டுறதுக்கா கட வச்சிருக்கேன்? ஒரு கொழா என்னய செயிச்சிருமா?”

குழாய்க்கு ஈரச்சாக்கு சுற்றினார்; நாறியது. பருத்திப்பஞ்சு சுற்றினார்; குழாய் வியர்த்து, பஞ்சு தொப்பலாக நனைந்தது. “தண்ணி குடிக்காத பஞ்சு வேணும்லே” என்று வீட்டுக்குள் போனவர், இரண்டு தலையணைகளைக் கிழித்துவிட்டார். உள்ளே இருந்தது போடி இலவம்பஞ்சு. அவர் சம்சாரம், எங்கள் மதினி, கல்யாணச் சீராகக் கொண்டுவந்தது.

மதினி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“எங்கப்பா ஆசையாக் குடுத்தாக. நாளைக்கு மொத டம்ளரு ஜில்லுன்னு வரணும். வரலைன்னா நான் எங்கப்பா வீட்டுக்கு, கோம்பைக்கு பஸ் ஏறிருவேன். பெறகு நீங்களும் கொழாயும் இங்கன குடும்பம் நடத்துங்க.”

ஜில்லண்ணன் பருத்த மூங்கிலைப் பிளந்து குழாயைச் சுற்றிப் பொருத்தினார். நடுவில் இலவம்பஞ்சைத் திணித்தார். காற்றுப் புகாமல் இடுக்கெல்லாம் தேன்மெழுகு பூசினார். வெயில் தொடாவிட்டால் அடியிலுள்ள ஐஸின் குளிர் பித்தளை வழியே மேலேறி நிற்கும் என்பது அவர் கணக்கு. வைத்த சோறு அப்படியே கிடந்தது.

“வருமாண்ணே?”

“வரும்லே” என்றவர், மெழுகை இன்னொரு தரம் தடவிப் பார்த்து, “வரணும்லே” என்றார்.

மறுநாள் உச்சிவெயிலில் தெருவே கூடிவிட்டது. டம்ளர் நிறைந்ததும் பழக்கதோஷத்தில் எல்லோரும் ஓரடி பின்வாங்கினோம். மதினிதான் கையில் துணிப்பையோடு கூட்டத்தை விலக்கி வந்து, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார்.

கன்னத்தைப் பொத்திக்கொண்டார். “பல்லு கூசுதுங்க” என்று சொல்லிவிட்டுப் பையைக் கீழே வைத்தார்.

ஜில்லண்ணன் குதிப்பார் என்று பார்த்தால், மனுஷன் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார்.

அதற்குப் பிறகு அவர் முதல் டம்ளரை விற்றதே இல்லை, அது மதினிக்கு. இரண்டாவது பெரும்பாலும் எனக்கு வாய்க்கும். அந்த மனுஷன் கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருந்தாலும் நான் குடித்திருப்பேன்.