தேர்தலுக்கு வந்த துப்பாக்கி

தோசை மாவு கிரைண்டருக்குப் பக்கத்தில் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று படுத்திருந்தது.

"மொதல்ல இதை இங்கேருந்து எடுங்க," என்றாள் நீலாவதி.

"மெதுவாப் பேசு," என்றார் கணவர் சிவலிங்கம். "எலெக்‌ஷன் முடிஞ்சதும் புதுச் சட்டம் வருதாம். சாதாரண ஆளுக்குத் துப்பாக்கியே கிடையாதாம். லைசென்ஸை வச்சுக்கிட்டு வாங்காதவன் முட்டாள்னு கடைக்காரரே சொன்னார்."

"துப்பாக்கி விக்கிறவன் வேற என்ன சொல்வான்?"

சிவலிங்கத்துக்கு பெஹாலாவில், வங்காளிகள் நடுவே முறுக்கு, மிக்சர் கடை. கடைக்குள் எலி வந்தால் நாற்காலி மேல் ஏறி நின்று மனைவிக்குப் போன் போடுகிற வீரர். எந்தக் காலத்திலோ அலிப்பூர் ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கிய லைசென்ஸ் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. தடை வரும் என்ற வதந்தி அதை எழுப்பிவிட்டது.

"பழசுதான். ஆனா ஸ்டீலைப் பாரு!" என்று தட்டிக் காட்டினார்.

அன்றிலிருந்து பூனை குதித்தாலும் துப்பாக்கியோடு எழுந்தார். பால்காரர் வாசல் கேட்டுக்கு வெளியிலேயே பாக்கெட்டை வைத்துவிட்டு ஓடினார். இந்த ஆள் யாரையாவது சுட்டுத் தொலைப்பார், அநேகமாக என்னைத்தான் என்று நீலாவதிக்குத் தோன்றிவிட்டது.

அவர் குளிக்கப் போன நேரத்தில் தோட்டாக்களை உருவி, இட்லி அரிசி டிரம்மில் புதைத்தாள்.

சிவலிங்கம் இன்னும் மோசமானார். கதவுக்கு இன்னொரு பூட்டு. ஜன்னலுக்குக் கயிறு.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ பயப்படாதே."

ஒரு மத்தியானம் கால்பைசாகி என்கிற கோடைப் புயல் வந்து வானம் கறுத்தது. கரண்டும் போனது. மாடியில் காய்ந்த துணிகளை வாரி, தலையில் ஒரு போர்வையைப் போட்டுக்கொண்டு நீலாவதி உள்ளே ஓடிவந்தாள்.

"யார்ரா அது?"

டிக்.

"நான்தாங்க! கட்டின பொண்டாட்டி!"

சிவலிங்கம் துப்பாக்கியைத் தாழ்த்தினார். "அய்யோ நீலா... வெடிக்கலையே..."

"எப்படி வெடிக்கும்? தோட்டா ரெண்டும் அரிசி டிரம்ல கிடக்கு. என் புத்தியாலதான் இப்ப உசுரோட நிக்கிறேன். இல்லேன்னா சுவத்துல மாலையோட தொங்கியிருப்பேன்!"

சிவலிங்கம் துப்பாக்கியையும் அரிசி டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார்.

தேர்தல் முடியும்வரை துப்பாக்கிகளைப் போலீஸ் தானாவில் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். 'கொடுத்தா திரும்ப வராது' என்று அதுவரை முரண்டு பிடித்தவர், மறுநாள் காலையிலேயே அதைப் பெட்ஷீட்டில் சுருட்டி ஆட்டோ பிடித்தார். நீலாவதியும் ஏறிக்கொண்டாள்.

தானாவில் நரைத்த மீசைக் கான்ஸ்டபிள் துப்பாக்கியை மடக்கித் திறந்தார். உள்ளே சிவப்பாக இரண்டு தோட்டாக்கள்.

"என்ன தாதா, லோடு பண்ணியே கொண்டாந்துட்டீங்க?" என்று வங்காளி வழக்கப்படி அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"அதைத் தொடவே பயமா இருந்துச்சு," என்றார் சிவலிங்கம். பிறகு மனைவியைப் பார்க்காமலேயே முனகினார்: "நீ எடுத்தேன்னு எனக்கென்ன தெரியும்? திருடன்தான் வந்துட்டான்னு புதுசு வாங்கிப் போட்டிருந்தேன்."

நீலாவதி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப... நேத்து..."

"பயப்படாதீங்க பௌதி," என்று நீலாவதியை அண்ணியாக்கிச் சிரித்தார் கான்ஸ்டபிள். "தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கிற ஊசியே இதுல கிடையாது. மொதல்ல வாங்கினவரோட சம்சாரம் அதைக் கழட்டிக் கங்கையில வீசி எத்தனையோ வருஷமாச்சு."

நீலாவதிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அந்த மகராசி நல்லா இருக்கணும்! ஆமா, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கான்ஸ்டபிள் துப்பாக்கியில் அடையாளச் சீட்டைக் கட்டினார்.

"தெரியாம என்ன பௌதி? தடை வருது தடை வருதுன்னு ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் யாராவது ஒருத்தர் வாங்கி, இது இங்க வந்துடும். தாதாதான் புதுசு."