ஒரு வரி மேலே

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு துரும்பைக்கூட அசைப்பதில்லை. அதுவும் சண்டை போடாமல், சட்டப்படி. சனிக்கிழமை காலை செருப்பை மாட்டும்போதே கட்டக்காரர் இப்படியொரு தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டார். எதிர்த்து ஓட்டுப் போட ஆள் பக்கத்தில் இல்லாத நேரம் அது.

கட்டக்காரர் என்பது ஆபீஸில் வைத்த பெயர். ஆள் பெயிண்ட் கம்பெனிக் கிடங்கில் ஸ்டாக் குமாஸ்தா. கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, தொட்டால் ஷாக் அடிக்குமோ என்று எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள். தும்மல் வந்து இவர் மட்டும் ஓர் அடி முன்னால் போய்விட்டார். "நீரே கத்துக்கும்" என்று மேனேஜர் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து கறுப்புத் திரை, பச்சைக் கட்டம், கட்டத்துக்குள் கணக்கு. கனவில் மனைவி வந்தால்கூடக் கட்டம் கட்டமாகத்தான் வந்தாள். கோபம் மட்டும் கட்டத்துக்குள் அடங்கவில்லை.

தீர்மானத்துக்குக் காரணம் கேரம். ஆபீஸ் கிளப் போட்டியில், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக இறுதி ஆட்டம் வரை வந்திருந்தார். எப்படி வந்தார் என்று கேட்கக் கூடாது. ஓர் எதிராளிக்கு அம்மை போட்டது, ஒருத்தருக்கு மாற்றல் வந்தது, அரையிறுதிக்காரருக்கு விரல் சுளுக்கிக்கொண்டது. எப்படியோ, ஞாயிறு நாலு மணிக்கு டெஸ்பாட்ச் குமாஸ்தாவோடு ஆட்டம். கோப்பை வாங்குவதற்கென்று சட்டைகூடத் தேய்த்து வைத்தாயிற்று.

பார்த்து, அதே வாரம்தான் மாமனார் வந்து இறங்கினார். அப்பா வந்தால் மனைவி வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுவாள். தட்டும்போது விழுவதையெல்லாம் பிடிப்பது கட்டக்காரர் வேலை. நாலு மணி ஆட்டத்துக்கு நாற்பது வேலை குறுக்கே நிற்கும்.

ஆகவே சனிக்கிழமை அரைநாள் ஆபீஸில், பெயிண்ட் டப்பாக்களைத் தள்ளிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையைக் கட்டம் போட்டார். முதல் பத்தியில் மணி. அடுத்ததில் ஆள்: தலைவர், தலைவி, தலைவர், தலைவி என்று மாறி மாறி. பார்ப்பவர் கண்ணுக்கு நியாயம் சொட்டும். மூன்றாவதில் வேலை. அங்கேதான் விஷயம். தலைவருக்கு: காபி வந்ததும் எழுந்திருத்தல், பேப்பர் படித்து நாட்டுக்காகக் கவலைப்படுதல், சமையல் வாசனைக்கு அபிப்பிராயம் சொல்லுதல், நாலு மணிக்குக் கிளப்பில் கேரம். தலைவிக்கு: தண்ணீர் பிடித்தல், வீடு பெருக்கல், சமையல், பாத்திரம் தேய்த்தல், ஐந்து மணிக்கு ஜன்னல் திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் துவைத்தல்.

தமிழை ஆங்கில எழுத்தில், ஒற்றை விரலால் அடித்து முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. பிரிண்டர், பல் பிடுங்கப்படுகிறவன் மாதிரி அலறியது. வேலைப் பத்தி ரொம்ப அகலம். ஒரு தாளில் அடங்காமல் மணியும் ஆளும் ஒரு தாளிலும், வேலை இன்னொரு தாளிலுமாக வந்து விழுந்தன. போகட்டும், ஒட்டிக்கொள்ளலாம்.

மூடும்போது கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் கேட்டது: சேமிக்கட்டுமா?

கட்டக்காரருக்கு முதுகில் வேர்த்தது. திங்கட்கிழமை மேனேஜர் ஃபிளாப்பியைப் போட்டு, வார்னிஷ் கணக்கைத் தேடுகிற இடத்தில் 'பாத்திரம் தேய்த்தல்' வந்து நின்றால்? 'வேண்டாம்' என்று தட்டினார். திரை சுத்தமாகிவிட்டது. நல்லவேளை, கையில்தான் தாள் இருக்கிறதே!

வீட்டில் மனைவி தையல் மெஷினில் இருந்தாள். தெருவுக்கே தைப்பவள். கட்டம் போட்ட துணியில் சட்டை தைத்துப் பையை வைத்தாளானால் பை எங்கே ஆரம்பிக்கிறது என்று போட்டுக்கொண்டவனுக்கே தெரியாது. சில்லறையைத் தேடித் தடவிக்கொண்டே இருப்பான்.

மாமனார் சாய்வு நாற்காலியில். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்தில் இல்லாத எதையும் நம்ப மாட்டார். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட "யார் கையெழுத்து?" என்பார்.

"மாமா, நாளைக்கு வீட்டுல யார் என்ன செய்யணும்னு கம்ப்யூட்டர்ல போட்டுக் கொண்டு வந்திருக்கேன். ஆளுக்குப் பாதி. நீங்க சாட்சி."

"பேஷ் மாப்பிள்ளை! அப்புறம் யாரும் பேச்சு மாறக் கூடாது."

"மாறவே கூடாது மாமா. தாள்ல என்ன இருக்கோ அதுதான்."

"நீ என்னம்மா சொல்றே?"

"எனக்கென்னப்பா, படிச்சவர் போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி. எதிர்ப்பே இல்லை. அப்போதாவது கட்டக்காரர் பயந்திருக்க வேண்டாமா?

பயப்படவில்லை. "இந்தா, இது ரெண்டையும் ஒட்டிடு. எனக்கு நாளைய ஆட்டத்துக்குப் பழகணும்" என்று தாள்களை நீட்டினார்.   ஒரு டப்பா மூடியை எடுத்துக்கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் சுண்டிச் சுண்டிப் பழகினார். மூடி உப்பு ஜாடியைத் தவிர எல்லாவற்றிலும் பட்டது. குறி வைத்தது உப்பு ஜாடிக்கு.

"ஒட்டியாச்சுங்க!"

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தீர்ப்பு வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"காலை ஆறு மணி. தலைவர். தண்ணீர் பிடித்தல்."

மூடி கட்டக்காரர் விரலிலிருந்து நழுவியது.

"ஏழு மணி. தலைவி. பேப்பர் படித்து நாட்டுக்காகக் கவலைப்படுதல். அடடே! எட்டு மணி. தலைவர். வீடு பெருக்கல்..."

"மாமா, மாமா, ஒரு நிமிஷம்..."

"இருங்க மாப்பிள்ளை. ஒன்பது. தலைவி. சமையல் வாசனைக்கு அபிப்பிராயம் சொல்லுதல். பத்து. தலைவர். சமையல்." மாமனார் வரிகளில் விரலை ஓட்டிக்கொண்டே கீழே போனார். "மூணு மணி. தலைவி. கிளப்புல கேரம். நாலு மணி. தலைவர். திரைச்சீலை எல்லாத்தையும் கழற்றித் துவைத்தல்." கடைசி வரியில் தலைவி. எதிரே வெறும் வெள்ளைத் தாள். மாமனார் அந்த வெள்ளையிலேயே சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

கட்டக்காரர் ஓடிவந்து பார்த்தார். வேலைத் தாள் சரியாக ஒரு வரி மேலே ஏறி ஒட்டியிருந்தது. ஒரே ஒரு வரி! தலைவர் தலைவி ஆகிவிட்டார், தலைவி தலைவர் ஆகிவிட்டாள். ஒட்டு எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியவில்லை.

மனைவியைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்ன பண்ணி வச்சிருக்கே? மாத்தி ஒட்டியிருக்கே!"

"மாத்தியா? வரி வரிக்குப் பொருந்துதே. மேல ஒரு துண்டு மட்டும் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. கத்தரிச்சுட்டேன்."

"அதுதான்டி என் காபி!"

"சரி, அப்பாகிட்டச் சொல்லிடுங்க. இது தப்பு மாமா, பெருக்கறது, சமைக்கறது, துவைக்கறதெல்லாம் உங்க பொண்ணுக்கு, பேப்பரும் கேரமும் எனக்குன்னு போட்டிருந்தேன்னு. வாங்க, நானே கூட வர்றேன்."

  கட்டக்காரர் அவசரமாக அவளை நிறுத்திவிட்டுத் தனியாகக் கூடத்துக்கு வந்தால் மாமனார் எழுந்து நின்று கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை! ஒரு பொம்பளைக்கு நாட்டைப் பத்திக் கவலைப்பட நேரம் ஒதுக்கின மனுஷனை நான் எந்தக் கோர்ட்டுலயும் பார்த்ததில்ல."

"அது வந்து மாமா... இதுல சின்னதா ஒரு எழுத்துப் பிழை. ஆபீஸ்ல ஒரிஜினல் இருக்கு. திருத்தி எடுத்துட்டு வந்துடறேன்."

"ஒரிஜினல் இருக்கா? அப்ப ஒத்துப் பார்த்துடணும். வாங்க, நானும் வர்றேன்."

போகிற வழியெல்லாம் கட்டக்காரருக்கு நடையா ஓட்டமா என்று தெரியவில்லை. ஃபைலைச் சேமிக்காமல் மூடினோம் என்பது பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பலாமென்றால் மாமனார் முன்னால் போய்க்கொண்டிருந்தார். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். கம்ப்யூட்டர் முனகி, இருமி, கண் விழித்தது. கட்டக்காரர் இல்லாத ஃபைலை இருக்கிற இடமெல்லாம் தேடினார். வார்னிஷ் வந்தது, டர்பன்டைன் வந்தது, துரு நீக்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

"எங்கே மாப்பிள்ளை?"

"சேமிக்கல மாமா."

"அழிஞ்சுபோச்சா?"

"நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். "மூலம் இல்லேன்னா நகல்தான் ஆதாரம். அதுல சாட்சிக் கையெழுத்து வேற போட்டுட்டேன். இனிமே பிரம்மாவே வந்தாலும் மாத்த முடியாது. வாங்க, காலையில ஆறு மணிக்குத் தண்ணி பிடிக்கணும். சீக்கிரம் படுங்க."

மறுநாள் தண்ணீர் பிடித்தார். பெருக்கினார். சமைத்தார். மனைவி வாசனை பிடித்து, "அடுப்பைக் கொஞ்சம் தணிங்க" என்று அபிப்பிராயம் சொன்னாள். மூன்று மணிக்கு, தேய்த்து வைத்திருந்த அவர் சட்டையைப் பார்த்து, "இது எனக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, அவருடைய ஸ்ட்ரைக்கரை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"நிஜமாவே போறியா? உனக்குக் கேரம் தெரியுமா?"

"இவ சின்னப் பொண்ணா இருந்தப்பவே இவகிட்ட நானே தோத்திருக்கேன் மாப்பிள்ளை" என்றார் சாய்வு நாற்காலி. "நாலு மணிக்கு உங்க முறை. திரைச்சீலை?"

கட்டக்காரர் துவைத்தார். ஒவ்வொரு திரையையும் கல்லில் அடிக்கும்போது டெஸ்பாட்ச் குமாஸ்தாவை நினைத்துக்கொண்டார். இரண்டு திரை கிழிந்தது. காதெல்லாம் வாசலில் இருந்தது. ஆள் மாறி வந்தால் ஆடவிட மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள், தன்னைக் கூப்பிட ஆள் வரும் என்று சோப்பு நுரையோடு நாலு தரம் வாசலுக்கு ஓடினார். நாலு தரமும் மாமனார் தாளைக் காட்டித் திருப்பி அனுப்பினார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் மனைவி வந்தாள். கையில் கோப்பை.

"ஜெயிச்சுட்டியா?"

"சிவப்புக் காயையும் நானே போட்டேன். ஊசியில நூல் கோக்கற கைதானே."

"அவன் எப்படி உன்னோட ஆட ஒத்துக்கிட்டான்?"

"வர்றவங்க வரட்டும், ஆட்டம் நடந்தாச் சரின்னுட்டாருங்க."

கட்டக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"என்னை... யாரும் கேட்கலையா?"

"கேட்காம? எல்லாரும் கேட்டாங்க. வீட்டுல திரைச்சீலை துவைக்கறார்னு சொன்னேன்."

"ஐயையோ! என்ன சொன்னாங்க?"

"ரொம்ப சந்தோஷப்பட்டாங்க. 'அப்பாடா, அவருக்குக் கைவர்ற ஆட்டத்தைக் கடைசியில கண்டுபிடிச்சுட்டாரே'ன்னாங்க."