சாமிதுரையின் பட்டங்கள் என் வயலில் இறங்கிய விவகாரம்

வலங்கைமான் அருகிலிருந்து,
ஆவணி மாதம், 1998.

சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் என் அக்காள் மகன் சிரஞ்சீவி குஞ்சிதபாதத்துக்குத் தாய்மாமன் ரெத்தினம் எழுதிக்கொண்டது. நானும் உன் அத்தை நீலாம்பாளும் நலம். நாற்று நலமில்லை. உன் நலத்தைப் பிறகு விசாரிக்கிறேன், இப்போது வாய் வரவில்லை.

நம் பாசன சங்கத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதற்கு சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாயே, அது என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டது. கோப்பில் விவசாயிகளின் பெயரை ஏற்றினால் யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது என்று கம்ப்யூட்டரே சொல்லும் என்றாய். சொன்னது. ஆனால் என் மேல்வயல்காரர் சாமிதுரை, கட்சியின் கிளைச் செயலாளர், தம் பெயர் மொட்டையாக இருப்பதைப் பார்த்துக் கொதித்துப்போய், ‘தன்மானச் செம்மல், டெல்டாவின் போர்முரசு, காவிரித் தாயின் செல்லப்பிள்ளை’ என்று சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொடுத்தார். நீ ஒரு பெயருக்கு ஒதுக்கியதோ நாற்பது கட்டம். எல்லார் பெயரும் ஏறிய பிறகு அந்தத் திருத்தத்தை எடுத்த உன் புரோகிராம் நிறுத்தத் தெரியாமல் வாசித்துக்கொண்டே போக, செம்மலும் போர்முரசும் அவர் இடத்தில் அடங்க, செல்லப்பிள்ளை வரப்பைத் தாண்டி வந்து, அடுத்திருந்த என் பெயரை அழித்துவிட்டு அங்கே உட்கார்ந்துகொண்டது.

மடை திறக்கும் வீரையனிடம் ஓடினேன். “அண்ணே, பட்டியல்ல உங்க பேரே இல்லீங்களே. உங்க இடத்துல செல்லப்பிள்ளைன்னு போட்டிருக்கு. அது செயலாளருதானே? அவருக்கே ரெண்டு முறையும் தொறந்து விட்டுட்டேங்க” என்கிறான். நாற்று முற்றுகிறது, நடவு வயல் வெடித்துக் கிடக்கிறது, எனக்கு வயிறு எரிகிறது. பண்ணையார் கோர்ட்டுக்குப் போயும் உன் தாத்தாவிடமிருந்து பிடுங்க முடியாத நிலமடா இது. நீ ஒரே வரியில் பிடுங்கிவிட்டாய்.

போனில் கேட்டால், “நாப்பது எழுத்துக்கு மேல யாரு மாமா பேரு வைப்பாங்க?” என்கிறாய். நீ எந்த ஊரில் பிறந்தாய்? தெருவில் ஒரு சுவரையாவது படித்திருக்கிறாயா?

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் அம்சவல்லியிடம் காட்டினேன். “கோப்புலேருந்து வாசிக்கறப்ப இவ்வளவுதான் இடம்னு சொல்லித்தாங்க வாசிக்கணும். கடைசிக் கட்டத்தை முடிவுக் குறிக்கு விட்டு வைக்கணும். வரி நீளமா இருந்தா ஏத்துக்கக் கூடாது. இல்லேன்னா நீளத்தை அளந்து, அதுக்குத் தக்கன மெமரி கேட்டு வாங்கி, வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடணும்” என்றாள். இத்தனை வருஷம் படித்தாயே, இதை உனக்கு ஒருவரும் சொல்லவில்லையா? அடுத்த முறைக்குள் இதைத் திருத்து. எவன் பெயரும் எவன் இடத்திலும் கால் வைக்கக் கூடாது.

அக்காவுக்கு என் வணக்கம். உனக்கு என் ஆசி உண்டு, தண்ணீர் வந்த பிறகு.

இப்படிக்கு,
ரெத்தினம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கட்சிக்காரர்கள் மாலையோடு வந்துவிட்டார்கள். தண்ணீருக்காக நான் போட்ட சத்தத்தை மெச்சி என்னைத் துணைச் செயலாளராக்கி, ‘கடைமடைச் சிங்கம், உழவர் திலகம், வறட்சியை வென்ற வரலாறு’ என்று பட்டமும் கொடுத்துவிட்டார்கள். ஆகையால் புரோகிராமில் கை வைக்காதே. என் பெயரை மட்டும் பட்டங்களோடு ஏற்றிவிடு. எனக்கு அடுத்த இடம் வைரக்கண்ணுவுடையது. சாது மனிதர், சத்தம் போட மாட்டார்.