சாவிக்கொத்து டார்ச்சுக்கு உத்தமமான பேட்டரி

கடைக்குப் போனால் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, வெறுங்கையோடு வருகிறவர்களும் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? பார்த்துக்கொண்டே இருக்கிற இனம். குடை வேண்டுமென்றால் மழைக்காலம் முடிகிறவரை குடைக்கம்பியைப் பற்றி விசாரிப்பார்கள். கேட்டால், அவசரப்பட்டு ஏமாந்துவிடக் கூடாது என்பார்கள். ஏமாந்ததும் கிடையாது. வாங்கினால்தானே?

இந்த இனத்தின் அசல் பிரதிநிதி ஒருவரை எனக்குத் தெரியும். காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. கூட வேலை செய்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் ‘ஆராய்ச்சி’ என்பார்கள். காதில் விழுந்ததும் அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார். மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். வீடு மூன்றாவது மாடியில். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பல்பு போய் வெகுநாளாயிற்று.

“சாவியோட மாட்டிக்கிற மாதிரி குட்டி டார்ச் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. என்னிக்காவது உருண்டு விழப்போறேன்” என்றாள் அவள். அவ்வளவுதான் கேட்டாள், பாவம்.

டார்ச்சில் என்ன இருக்கிறது, அதற்குள் போகிற பேட்டரியில்தான் எல்லாம் இருக்கிறது என்று ஆராய்ச்சி அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். பட்டன் செல் போடலாம், கனமே இருக்காது, ஆனால் போகப்போக வெளிச்சம் அழுது வடியும். சார்ஜ் செய்கிற வகை நல்லதுதான், ஆனால் சார்ஜ் போட மறந்தால் யார் பொறுப்பு. சாதாரண பென்சில் பேட்டரி மூலைக்கு மூலை கிடைக்கும், ஆனால் நாள்பட்டால் கசிந்து டார்ச்சையே அரித்துவிடும். லிதியம் பென்சில் பேட்டரி லேசில் கசியாது, வருஷக்கணக்கில் சும்மா கிடந்தாலும் சக்தி குறையாது, ஆனால் நினைத்த கடையில் கிடைக்காது. சாப்பிடும்போது இதே பேச்சு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமும் இதே பேச்சு. மின்சாமான் கடைக்காரரிடம் போய், குளிர் காலத்தில் இது எப்படி நடந்துகொள்ளும் என்று விசாரித்தார். அவர், “அமுக்கினா எரியும் சார்” என்றார். இவரிடம் போய்ப் பேசுவானேன் என்று ஆராய்ச்சி அடுத்த கடைக்கு நடந்தார்.

மனைவி சுவரைத் தடவிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள்.

மனைவி மேல் பிரியமில்லாத மனுஷன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இருட்டில் அவள் நிற்கும்போது டார்ச் கைவிட்டுவிடக் கூடாதே என்கிற பயத்தில்தான் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதனால்தான் கடைசியில் லிதியமே என்று முடிவு செய்து, டார்ச்சும் பேட்டரியுமாக வாங்கி வந்து, அவள் கையில் கொடுத்தபோது அவர் முகம் அப்படிப் பூரித்தது. அவளுக்கும் சந்தோஷம்தான். படியில் முதல்முறையாகச் சுவரை விட்டு நடந்தாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் உபயோகிக்காத நேரத்தில் பேட்டரியைக் கழற்றி வைப்பதே உத்தமம் என்று ஆராய்ச்சி எங்கேயோ படித்துத் தொலைத்தார். லிதியம் கசியாது என்றுதானே வாங்கினார்? கசியாதுதான். இருந்தாலும் எதற்கு வம்பு? ஒரு காலை, பேட்டரியைக் கழற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவள் கைப்பையில் வைத்துவிட்டார். அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சொல்லவும் செய்தார்: “வேணும்கிறப்ப எடுத்துப் போட்டுக்கோ. எவ்வளவு நேரம் ஆயிடப்போகுது?”

அன்று மாலை இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் டார்ச்சை அமுக்கினாள். எரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே ஏறின காலத்தில் ஒருநாளும் தடுக்கி விழாதவள், இப்போது இரண்டு கையாலும் பையைத் துழாவி, உறையைப் பிரித்து, பேட்டரியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கையில் அது நழுவிக் கீழே விழுந்தது. குனியலாமென்று ஒரு அடி எடுத்து வைத்தாள். பேட்டரி மேலேயே வைத்தாள்.

சத்தம் கேட்டு ஆராய்ச்சி ஓடிவந்தார். அவளைத் தூக்கிப் படியில் உட்கார வைத்தார். கணுக்கால் வீங்கிக்கொண்டிருந்தது. நிஜமாகவே கண் கலங்கிவிட்டது அவருக்கு. அப்படியே காலடியில் கிடந்த பேட்டரியை எடுத்து வேட்டியில் துடைத்து, கைப்பேசி வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “இவ்வளவு மிதிபட்டும் கசியல பாரு” என்றார்.

அவள் வலியை மறந்து அவரைப் பார்த்தாள். பிறகு தலைக்கு மேலே பார்த்தாள்.

“ஏங்க, இந்தத் திருப்பத்துல ஒரு பல்பு வாங்கி மாட்டியிருக்கலாம்ல?”

“மாட்டணும்னுதான் இருக்கேன்” என்றார் ஆராய்ச்சி. “மஞ்சள் வெளிச்சமா வெள்ளை வெளிச்சமான்னுதான் ரெண்டு வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன்.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அந்தப் பெண்ணின் கால் என்னவாயிற்று என்று கேட்பதற்கு முன்னால், பட்டன் செல்லே வாங்கியிருக்கலாமே என்று உங்கள் மனசுக்குள் ஒரு குரல் எழுந்ததே, அது எனக்கும் கேட்டது. எழுந்து போய் உங்கள் வீட்டு மாடிப்படியில் விளக்கு எரிகிறதா பாருங்கள்.