முனியாண்டி வளைவில் நின்ற கார்கள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நானே முடிவு செய்து வைத்திருந்த காலம் அது.

நுவரெலியாவில் ஒரு கார் கழகத்தில் காரியதரிசியாகச் சேர்ந்திருந்தேன். லிந்துலைப் பக்கம் நான் பிறந்த தோட்டத்து மலை ரோட்டில் உறுப்பினர்களுக்கு ஓட்டப்போட்டி வைக்கலாம் என்றேன். ஒவ்வொரு காராக மேலே ஏற வேண்டும். குறைந்த நேரத்தில் வருபவருக்குக் கோப்பை. சின்னப் பிள்ளைக்கு இது முடியுமா என்று தலைவர் இழுத்தார். சொதப்பினால் வேலை நிரந்தரமாகாது. (இதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா நேர்த்திக்கடன் வைத்துவிடுவார்.)

நடு வளைவைக் கவனிக்க ஆள் தேவைப்பட்டது. தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் அப்பாவை நிறுத்தினேன். ஆபத்தென்றால் மட்டும் காட்டுங்கள் என்று ஒரு சிவப்புக் கொடியும் கொடுத்தேன்.

உச்சியில் தலைவரும் நானும் நின்றோம். பனிமூட்டத்துக்குள் முதல் கார் உறுமியது. மலையே தொண்டையைச் செருமியது போல ஒரு சத்தம். கொழுந்தெல்லாம் நடுங்கின. இதை நடத்துவது நானா என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பாதி மலையில் சத்தம் நின்றது.

கார் பள்ளத்தில் போய்விட்டதென்றே நினைத்தேன். தலைவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு மறுபடி உறுமல். கார் வந்தது, முன்கண்ணாடியில் செவ்வந்தி மாலையோடு. ஓட்டியவரின் ஹெல்மெட்டில் திருநீற்றுப் பட்டை. அடுத்த காரும் அதே கோலம்.

குறுக்குப் படியில் இறங்கி ஓடினேன். வளைவில் முனியாண்டி கோயிலுக்கு முன்னால் அப்பா. ஒரு கையில் கொடி, மறு கையில் சூடத்தட்டு.

"என்னப்பா செய்யிறீங்க?"

"நீதானே பாப்பா ஆபத்துன்னா நிறுத்தச் சொன்ன? சாமிக்கு முன்னுக்கு நிக்காம இந்த வேகத்துல போறாங்க. இதவிட என்ன ஆபத்து இருக்கு?"

கொழுந்து லாரிகூட அங்கே நிற்காமல் போனதில்லை. அந்த ரோட்டிலேயே வளர்ந்த எனக்குத்தான் அது ஞாபகம் வரவில்லை.

கொடியைப் பிடுங்குவதற்குள் அடுத்த கார் வந்துவிட்டது. ஓட்டியவர் ஒரு சிங்களப் பல் வைத்தியர். தானாகவே இறங்கி, சப்பாத்தைக் கழற்றி, கும்பிட்டார். பிறகு அவர் கிளம்பிய வேகத்தில் சூடம் அணைந்தது. அந்த ஒடுங்கிய வளைவை அவர் கார் வழுக்கிக்கொண்டே கடந்ததை அப்பாவும் நானும் வாயைப் பிளந்து பார்த்தோம்.

"பறக்குறாரு பாப்பா," என்றார் அப்பா, மெதுவாக. கொடியை அவரிடமே விட்டுவிட்டேன்.

யாருக்குச் சூடம் சீக்கிரம் பற்றியதோ அவருக்கே அன்று கோப்பை. தலைவர் என்னைத் திட்ட வாயெடுத்தபோது, அடுத்த வருடமும் இங்கேதான் வேண்டும் என்று ஓட்டுநர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். என் வேலை தப்பியது.

இப்போது அந்த வளைவில் நிற்காத காருக்குத் தண்டனை நேரம் உண்டு. கார் கழகத்துக் காரியதரிசி யார் என்று யாராவது கேட்டு வந்தால், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அப்பாவைத்தான் காட்டுகிறார்கள். அவரும் மறுப்பதில்லை.