கண்ணைக் காட்டு

பாகூர் கம்யூனில் அந்த மீன்காரி பிடித்து நிறுத்தி இமையை இழுத்துப் பார்க்காத பெண் ஒருத்திகூடக் கிடையாது. சத்தியம் செய்தே சொல்வேன். கடலோர நல்லவாட்டிலிருந்து தலையில் மீன்கூடையோடு நடந்து வருவாள். கூடையை இறக்கியதும் எதிரே நிற்கும் பெண்ணின் கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்து உள்ளே பார்த்தாக வேண்டும். "கண்ணக் காட்டு" என்பதுதான் அவள் கூவல். அதுவே அவளுக்குப் பெயரும் ஆயிற்று. ஒரு கல்யாணத்தில் தாலி ஏறும் நேரத்தில் மணப்பெண்ணின் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல, கட்டு" என்று மாப்பிள்ளைக்கு உத்தரவு கொடுத்தவள்.

முப்பத்தைந்து வயது இருக்கும், ஐந்து பிள்ளைகள். இமைக்குள் சிவப்பாயிருந்தால் மீன் கொடுப்பாள். வெளுத்திருந்தால் முதலில் திட்டு, பிறகுதான் மீன்.

அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. எனக்கு ஊர் நிர்வாகம் பார்க்கும் கம்யூன் ஆபீசில் எழுத்து வேலை. அதனாலேயே எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. என் மனைவி செல்லம் ஆறு மாதக் கர்ப்பிணி. கறுத்த பெண்ணாக வந்தவள் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போனாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"வயித்துல கீறது செவப்புக் கொழந்தடா. அதான் தாய்க்கும் கலரு ஏறுது."

நான் மட்டும் லேசுப்பட்டவனா? "என் சம்சாரம் துரைசானி மாதிரி ஆயிட்டா" என்று ஆபீசில் பீற்றிக்கொண்டேன். குடத்தைத் தூக்கினால் செல்லத்துக்கு மூச்சு வாங்கும், பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள். மசக்கை என்றோம். அடுப்படிச் சுவரில் மண் பெயர்ந்துகொண்டே வந்தது. எலி என்று பொறி வைத்தேன். புது நிறத்துக்குத் திருஷ்டி பட்டுவிடும் என்று, மீன்காரி வரும்போதெல்லாம் அம்மா செல்லத்தை உள்ளேயே வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லமே மீன் வாங்க வெளியே வந்துவிட்டாள். கட்டைவிரல் இமையை இழுத்தது. திட்டு வரவில்லை. அதுதான் எனக்குக் கலக்கமாயிருந்தது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், வாயைத் திறக்கச் சொன்னாள். செல்லத்தின் நாக்கில் சுவர் மண்.

கண்ணைக் காட்டு, எலி விழாமல் வாசலோரம் நான் தூக்கிப்போட்டிருந்த பொறியைக் காலால் தள்ளினாள். "எலி இங்க நிக்குது தம்பி. இது கலரு இல்ல. ஒடம்புல ரத்தமே இல்ல. இந்தக் கண்ணோட புள்ள பெக்கப் படுத்தா எழுந்திருக்க மாட்டா."

"எங்க வூட்ல சோத்துக்கு இன்னா கொற?" என்று அம்மா பாய்ந்தாள்.

"சோறு கீது. மீனு யாரு துன்றா?"

எங்கள் வீட்டில் ஆண்கள் முதலில் உட்காருவோம். துண்டுகள் எங்களுக்கு, சட்டியில் ஒட்டிய குழம்பு கடைசியாகச் சாப்பிடும் செல்லத்துக்கு. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். எனக்கு வெட்கமாயிருந்தது. அதைவிடப் பயமாயிருந்தது.

"இவ கண்ணு செவக்கிற வரிக்கும் இந்த வூட்டுக்கு மீனு கெடையாது!"

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மற்ற மீன்காரிகளிடமும் சொல்லிவைத்தாள் போலிருக்கிறது. ஒருத்தியும் எங்கள் வாசலில் கூடை இறக்கவில்லை. ஆனால் வரும்போதெல்லாம் செல்லத்துக்கு மட்டும் ஓர் இலைப் பொட்டலம் வரும். ஒருநாள் சிப்பியிலிருந்து எடுத்த மட்டிச் சதை, ஒருநாள் மீன் ஈரல். முருங்கைக்கீரையோடு கிளறச் சொல்லி, கடைசி வாய் இறங்கும்வரை வாசலை விட்டு நகரமாட்டாள்.

"மட்டியெல்லாம் எங்க வூட்ல பொழங்கறதில்ல" என்றாள் அம்மா.

"ஒனக்கு யாரு குடுத்தா?"

நான் பழைய சோற்றுடன் பக்கத்தில் உட்கார்ந்து வாசனை பிடித்துக்கொண்டிருப்பேன். "இன்னா பாக்குற? ஒன் வயித்துலயா புள்ள கீது?" என்று எனக்கும் விழும்.

செல்லம் மெல்ல மெல்லக் கறுத்தாள். அத்தனை அழகான கறுப்பை நான் கண்டதில்லை. பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிற்று. மருத்துவச்சியே கையைப் பிசைந்தாள். ஆனாலும் என் செல்லம் எழுந்து உட்கார்ந்தாள். பெண் குழந்தை, நல்ல கறுப்பு.

பத்தாம் நாள் கண்ணைக் காட்டு, தாய்க்குப் பால் ஊறச் சுறாமீனோடு வந்தாள். குனிந்து குழந்தையைப் பார்த்தவளின் முகத்தைச் செல்லம் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, கண்ணக் காட்டு."

"சீ, எனக்கின்னாடி!"

செல்லம் விடவில்லை, இழுத்துப் பார்த்தாள். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அத்தனை வாசலில் நின்றவளின் கண்ணை எந்த வாசலிலும் யாரும் பார்க்கவில்லை.

"நீ இன்னாக்கா துன்ற?" என்று செல்லம் அழுதாள்.

"ஆம்பளையும் புள்ளைங்களும் துன்னது போக மிச்சம் இருந்தா துன்றதுதான். வுடு, வெயில் ஏறுது."

அவள் கூடையை நான் பிடித்துக்கொண்டேன். அதுவரை யாருக்கும் சோறு போட்டறியாத கையால் இலை போட்டேன்.

"நீ வர்றப்பல்லாம் இங்க குந்தி துன்னு. ஒன் கண்ணு செவக்கிற வரிக்கும் இந்த வூட்ல ஒங்கிட்ட மீனு வாங்க மாட்டோம்!"

அவள் உட்கார்ந்தாள். என்னைத் திட்டிக்கொண்டே தின்றாள். அந்தக் கண் சிவக்க நாலு மாதம் ஆயிற்று. அதற்கப்புறமும், அவள் வரும் நாட்களில், அவள் தின்று முடித்து இலையை எடுக்குமுன் நான் சாப்பிட்டதில்லை.