தலைவர் கன்னம் குறித்த அவசரக் கூட்டம்

புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்கு, சங்கரன்கோவில் வணிக வரலாற்றின் இருண்ட காலம் தொடங்கியது. வணிகர் நலச் சங்கத் தலைவர் பெத்துராஜைப் பார்த்து ஒருவர், "நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டார்.

கேட்டவர் அப்ரீன் பானு. புதிதாகக் கண்ணாடிக் கடை வைப்பவர். திறந்து வைக்க வந்தவர் பெத்துராஜ். வாசலில் பன்னிரண்டடி ப்ளெக்ஸில் பெத்துராஜ் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அதன் அடியில் ஐந்தரை அடியில் இன்னொரு பெத்துராஜ் நின்றார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி. தலைவர் வார நேரம். படம் மறைக்குதுல்லா."

"நாந்தாம்மா அது."

அப்ரீன் பானு மேலே பார்த்தார். கீழே பார்த்தார். கண் பரிசோதனையில் பட்டயம் வாங்கியவர்.

"அவுக அண்ணனா நீங்க?" என்றார்.

குற்றம் அவர்மேல் இல்லை. ப்ளெக்ஸ் அடிக்கும் ராஜேஷ்குமார் ஒன்பது ஆண்டுகளாகத் தலைவரின் முகத்தைக் கணினியில் மெழுகி வந்திருக்கிறான். வாலிபத்தில் பருக்கள் விட்டுப்போன குழிகளை விழாவுக்கு விழா கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்த்தான். இப்போது ப்ளெக்ஸ் கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கும்.

ஐப்பசிக் கடைசியில் சங்கத் தேர்தல். மூன்றாண்டுக்கு ஒருமுறை நடப்பது. பெத்துராஜ் நான்காம் முறை நிற்கிறார். எதிரே மாரிராஜ். சொந்த முகத்தோடு கடை கடையாக அலையும் அநாகரிகமான மனிதர்.

மக்களின் அன்பில் தலைவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. சான்று வைத்திருந்தார். விழா முடிந்த மறுநாள் அவருடைய ப்ளெக்ஸ் ஒன்றுகூட இடத்தில் இருக்காது. மாரிராஜின் தாள் சுவரொட்டிகளோ ஆடு தின்னும்வரை அப்படியே கிடக்கும்.

"எம் படத்த அவனவன் வீட்டுக்குல்லா தூக்கிட்டுப் போயிருதான். அவ்ளோ பாசம்," என்பார் மனைவி ஞானபூரணத்திடம்.

"நானே நம்ம வீட்டுல மாட்டலையே," என்பார் ஞானபூரணம்.

ஆக, மக்கள் நேசிக்கும் முகம் ஒன்று. தலைவரிடம் இருப்பது வேறு. மக்கள் விருப்பத்துக்குத் தலைவணங்கி, முகத்தை மாற்றிக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டார்.

திருநெல்வேலித் தோல் மருத்துவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கார்பன் டை ஆக்சைடு லேசர். ஆழமாக இறங்கும். ஒரு தடவையிலேயே நல்ல மாற்றம் தெரியும். பத்து நாள் முகம் சிவந்து தோல் உரியும். இன்னொன்று, எர்பியம் லேசர். மேலோடு எடுக்கும். சீக்கிரம் ஆறும். நாலைந்து தடவை வர வேண்டும்.

"எதுன்னாலும் வெயில்ல தலைகாட்டக் கூடாது," என்றார் மருத்துவர்.

அந்தத் துறையில் தலைவருக்கு ஒன்பது ஆண்டு அனுபவம்.

இத்தகைய முடிவைத் தனியொருவர் எடுக்கலாகாது. செயற்குழு அவசரமாகக் கூடியது. பொருள் ஒன்று: தலைவர் முகம். பொருள் இரண்டு: காய்கறிச் சந்தைக் கொட்டகையின் கூரை. கூரையைச் சரிசெய்வது தலைவரின் முதல் வாக்குறுதி. அதன் தொன்மை கருதி எல்லாக் கூட்டத்திலும் அதற்கு ஓர் இடம் உண்டு.

செயலாளர் சங்கரசுப்பு முதலில் எழுந்தார். சோடா கம்பெனி வைத்திருப்பவர்.

"கார்பன் டை ஆக்சைடு நான் அன்னாடம் பழகுத சரக்கு. சோடாவுல அடைக்கதே அதத்தான். தலைவர் மூஞ்சில அடச்சா பொங்கிராதா?"

"அது கேஸு இல்லவே. வெளிச்சம்," என்றார் தலைவர்.

"வெளிச்சத்துக்கு எதுக்கு கேஸுப் பேரு? எனக்கு ஒப்பல."

பொருளாளர் கண்ணன் குறுக்கிட்டார். "சொறி சிரங்குன்னா நாடே நம்ம கோயில் புத்துமண்ணத் தேடி வருது. நம்ம தலைவர் திருநெல்வேலிக்கு பஸ் ஏறுனா ஊருக்குக் கேவலம்லா?"

"மண்ணு பூசுனா குழி மறையும். கழுவுனா திரும்பவும் தெரியுமேய்யா," என்றார் தலைவர். அவர் பெயிண்ட் கடைக்காரர். மேற்பரப்பு பற்றி அவரிடம் யாரும் வாதாட முடியாது. "சுவருன்னு வச்சுக்கோங்க. கார்பன்னா பழைய பெயிண்ட சிமெண்டு தெரியுத வரைக்கும் சொரண்டி எடுக்கது. எர்பியம்னா உப்புத்தாள் போட்டு லேசாத் தேய்க்கது."

"தேய்ச்ச பொறவு பட்டி பாக்கணுமா அண்ணாச்சி?"

"வேண்டாம். தோலே பட்டி பாத்துக்கிடும்."

சபை வியந்தது. இப்படி ஒரு சுவர் கிடைத்தால் பெயிண்டர்கள் கதி என்ன என்று ஓர் உறுப்பினர் கவலை தெரிவித்தார். கவலை பதிவு செய்யப்பட்டது.

"வாரண்டி உண்டா?" என்றார் கண்ணன்.

"கையெழுத்து வாங்கும்போதே இல்லன்னுட்டாரு டாக்டர்."

"அப்பம் நல்ல டாக்டர்தான்."

ஒவ்வொரு தடவையும் செயற்குழுவைக் கூட்டிப்போய் திருநெல்வேலியில் பிரியாணி வாங்கித் தருவதாகத் தலைவர் சொன்னதும், எர்பியத்தின் நன்மைகள் எல்லோருக்கும் தெளிவாகின. ஆனால் தேர்தல் நெருங்கிவிட்டது. கனத்த மனத்தோடு கார்பனுக்குக் கை தூக்கினார்கள். இரண்டாம் பொருள் நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது.

பத்து நாள் தலைவர் திரை போட்ட அறையில் தியாகம் செய்தார். முகம் தக்காளியாகி, பிறகு வெங்காயமாகி உரிந்தது. ஞானபூரணம் களிம்பு தடவினார்.

"எரியுது ஏட்டி."

"மாரிராஜ் அண்ணாச்சி இன்னைக்கும் சந்தை வாசல்லதான் நிக்காவ. இந்த வெயில்ல."

"அவன் மூஞ்சி கெட்டுரும்," என்றார் தலைவர். அன்றுதான் அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

ஐப்பசியில் புது முகம் வெளியிடப்பட்டது. ராஜேஷ்குமார் செல்பேசியில் இருந்த ப்ளெக்ஸ் படத்தைத் தலைவர் காதருகே பிடித்து ஒப்பிட்டான். "இனி எனக்கு வேலையே இல்ல அண்ணாச்சி," என்று கண்கலங்கினான். கண்ணாடிக் கடையில் அப்ரீன் பானு எழுந்து நின்று, "வாங்க தலைவரே! அண்ணன் சுகமா?" என்றார். அறிவியல் வென்றது.

தேர்தலுக்கு முதல் நாள் கடைசிச் சுற்று. காய்கறிச் சந்தையில்தான் வாக்கு அதிகம். அங்கே யார் பக்கம் சாய்கிறார்களோ அவர்தான் தலைவர். பெத்துராஜ் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு சந்தைக்குள் காலெடுத்து வைத்தார். நல்ல மழை. சங்கரசுப்பு குடை பிடித்தார். தலைவர் தலைக்கு அல்ல, கன்னத்துக்கு.

கொட்டகைக்குள் முதல் கடை ராஜேஸ்வரியுடையது. அவர் கத்தரிக்காய்க் கூடையை நகர்த்தி, அந்த இடத்தில் ஓர் அலுமினியப் போணியை வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"வாங்க தலைவரே!"

பெத்துராஜின் புதுத் தோல் சிலிர்த்தது. "என்னத் தெரியுதாம்மா?"

"நல்லா கேட்டிய. காலையில வந்து அண்ணாந்தா உங்க மூஞ்சி. மத்தியானம் செத்த சாஞ்சா உங்க மூஞ்சி. ஒரு குழி இல்லாம அப்படியேல்லா இருக்கிய!"

"எம் படம் வச்சிருக்கியா?"

"நான் மட்டுமா? சந்தையே வச்சிருக்கு."

தலைவர் சங்கரசுப்பைப் பார்த்தார். மக்கள் அன்பின் சான்று. இதைத்தானே ஒன்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். "எங்கன இருக்கு?" என்று கேட்டார்.

ராஜேஸ்வரி மேலே கை காட்டினார்.

தகரம் போன இடமெல்லாம் பெத்துராஜ். பொங்கல் விழாப் பெத்துராஜ், பிறந்தநாள் பெத்துராஜ், கண்ணாடிக் கடைப் பெத்துராஜ். கம்பியால் கட்டி, முகம் கீழே பார்க்க, ஒன்றோடு ஒன்றைத் தைத்திருந்தார்கள். எல்லோரும் சந்தையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முதுகிலும் மழை தேங்கித் தொங்கியது. அண்ணாந்து நின்ற தலைவரின் புதுக் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. குடை பிடிக்க மறந்து சங்கரசுப்பும் அண்ணாந்திருந்தார்.

ராஜேஸ்வரி போணியை ஓர் அடி தள்ளி, தலைவரின் காலடியில் சரியாக வைத்தார்.

"நல்லவேளை நீங்களே வந்திய. கண்ணாடிக் கடை ப்ளெக்ஸு கன்னத்துப் பக்கம் பொத்துக்கிட்டு ஒழுகுது. அடுத்த விழா எப்பம் அண்ணாச்சி வைப்பிய?"